ஒகேனக்கல் போய்வந்தும் ஏன் களைப்பு தீரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 33. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், ஒரு கறவை மாடும் இருக்கிறது. கணவருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். அத்தைக்கு முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டார். காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. கத்திவிட்டு ராத்திரி அழுகிறேன். எங்கேயாவது தனியாகப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. 'இயற்கையான இடத்துக்குப் போய்ட்டு வா, மனசு லேசாகும்' என்று எல்லாரும் சொன்னதால் போன மாதம் ஒகேனக்கல் போய்வந்தோம். வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. எங்களைச் சுற்றியே மாந்தோப்பும் வாய்க்காலும்தான். நாள் முழுக்கப் பச்சைக்கு நடுவில் இருக்கும் எனக்கு ஏன் நிம்மதி இல்லை?
— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வி மிகச் சரியான கேள்வி. பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒகேனக்கல் போன அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்தின ராத்திரியே புளிசாதம் கிளறி, மாற்றுத்துணி எடுத்து வைத்து, மாட்டுக்குத் தீவனத்துக்கு ஆள் சொல்லி, விடியற்காலையில் இரண்டு பிள்ளைகளையும் கிளப்பி, பஸ் மாறி மாறிப் போயிருப்பீர்கள். அங்கே பாறையெல்லாம் பாசி, எண்ணெய் மசாஜ் செய்கிற இடத்தில் தரையெல்லாம் வழுக்கல், விடுமுறை நாள் என்றால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். 3 வயதுப் பையனின் கையை நீங்கள் ஒரு நிமிடமாவது விட்டிருக்க முடியாது. அன்று முழுக்க உங்கள் கண் இருந்தது பையன் மேல். அருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நம் மனசுக்கு இரண்டு விதமான கவனம் உண்டு. ஒன்று, நாமே முயற்சி செய்து பிடித்து வைக்கும் கவனம். ஜாக்கெட் அளவு எடுப்பது, அடுப்பில் பால் பொங்காமல் பார்ப்பது, வெளியே விளையாடும் பையன் மேல் ஒரு காது வைத்திருப்பது எல்லாம் இந்த வகை. இது செலவாகும், தீர்ந்துபோகும். தீர்ந்தபின் முதலில் வருவது எரிச்சல். சின்னச் சத்தம்கூடத் தாங்காது. இரண்டாவது, தானாகவே போய் நிற்கும் கவனம். இலை ஆடுவதையும் மேகம் நகர்வதையும் பார்க்க நாம் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் முதல் வகைக் கவனம் ஓய்ந்து மறுபடி ஊறுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் தம்பதி பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1989-ல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நிபந்தனையை மட்டும் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்: அந்த இடம் உங்களிடம் எதையும் கேட்கக் கூடாது. வழக்கமான பொறுப்புகளிலிருந்து நீங்கள் விலகி இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். புல்லைப் பார்த்தால் அறுக்கணும், மாட்டைப் பார்த்தால் தண்ணி காட்டணும், வேலியில் ஓட்டை இருந்தால் அடைக்கணும். கண்ணில் படுவதெல்லாம் உங்களை வேலைக்குக் கூப்பிடுகிறது. பட்டணத்திலிருந்து வருபவருக்கு அதே இடம் பச்சையாகத் தெரியும், உங்களுக்கு அது பாக்கி வேலையாகத் தெரிகிறது. உங்களுக்கு மரமும் தண்ணீரும் குறைவில்லை. பொறுப்பு இல்லாத நேரம்தான் இல்லை. உங்களுக்கு நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த நேரத்தை உண்டாக்குவதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு வேலை. எழும்போதே களைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பெண்களுக்கு இதற்கு ரத்தசோகை காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு, சர்க்கரை, முடிந்தால் பி12 அளவும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதீர்கள். மாத்திரைக்கும் டீக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், ஏனென்றால் டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்த வேண்டாம். ரத்தம் 8-ல் இருக்கும்போது எந்த மரத்தடியில் உட்கார்ந்தாலும் களைப்பு தீராது.

சரி, நேரத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் 6 நாள். பிள்ளைகள் இல்லாமல், போன் இல்லாமல், கையில் அரிவாளோ கூடையோ இல்லாமல்.

இந்த 20 என்ற எண்ணை நான் கையிலிருந்து போடவில்லை. 2019-ல் வெளியான ஒரு ஆய்வில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் நகரத்தில் வசிக்கும் 36 பேரை 8 வாரம், வாரத்துக்கு மூன்று முறையாவது மரம் செடி உள்ள இடத்தில் போய் இருக்கச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடத்துக்குள்தான் அது வேகமாக இறங்கியது. அதற்கு மேல் இருந்தாலும் இறங்கியது, ஆனால் மெதுவாக. அவர்களுக்கும் நிபந்தனை இருந்தது: பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், போன் பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது, பேசிக்கொண்டிருக்கக் கூடாது, மூச்சு வாங்கும் உடற்பயிற்சியும் கூடாது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பின்படி, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்களில்தான் அதிகம் பேர் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கு அதில் இடம் உண்டு. உங்களுக்கு உதவும் விஷயம் இதுதான்: அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் மொத்தமாக எடுத்தவர்களுக்கும் துண்டு துண்டாக எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒகேனக்கல் போக வேண்டிய கட்டாயமே இல்லை.

20 நிமிடம் எங்கிருந்து வரும்? உங்கள் கணவரின் ஷிஃப்டைப் பொறுத்தது. இங்கே பொதுவாகத் திட்டம் போட்டால் உடைந்துவிடும், வாரா வாரம் நேரம் மாறுகிற வீடு உங்களுடையது. காலை 6 மணி ஷிஃப்ட் வாரத்தில் அவர் விடிவதற்குள் கிளம்பி, மாலை 4 மணி வாக்கில் வீடு வந்துவிடுவார். டீ குடித்து, கொஞ்சம் கால் நீட்டட்டும். 5 மணிக்கு மேல் உங்கள் நேரம். மதியம் 2 மணி ஷிஃப்ட் வாரத்தில் அவர் நடுராத்திரி வந்து தூங்குவதால் காலை 9 மணிக்கு முன் எழுப்பாதீர்கள். மகள் பள்ளிக்குப் போனபின், பையனை அவரிடம் விட்டு 9.30-க்குப் போகலாம். கோடையில் மட்டும் அந்த நேரம் வெயில் ஏறிவிடும், அடர்ந்த நிழல் வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் வாரம்தான் கஷ்டமானது. காலையில் வந்து படுப்பவர் மதியம் 3 மணிக்கு எழுந்தால், 4.30 மணி சரியாக இருக்கும். அவரும் களைத்துத்தான் வருகிறார் என்பது உண்மை. ஆனால் 20 நிமிடம் பையனோடு களத்தில் உட்கார்ந்திருப்பது முடியாத காரியம் இல்லை.

ஒப்படைக்கும்போது முழுசாக ஒப்படையுங்கள். 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனால் பையன் அழுததும் உங்களைக் கூப்பிடுவார்கள். 'நான் 20 நிமிஷம் இருக்க மாட்டேன். பால், தண்ணி, கக்கூஸ், அழுகை எல்லாம் உங்க பொறுப்பு. ரத்தம் வந்தா மட்டும் கூப்பிடுங்க' என்று சொல்லுங்கள். முதல் சில நாள் பையன் அழுவான். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவனுக்குப் பழகும்வரை அழுவான், அதன்பின் குறையும். பாதியில் ஓடிவந்தால், அழுதால் அம்மா வருவாள் என்று அவன் கற்றுக்கொள்வான். மறுநாள் இன்னும் உரக்க அழுவான்.

கணவர் இல்லாத நாளில் அத்தையிடம் விட வேண்டியிருந்தால் ஒரு விஷயம் முக்கியம். முட்டி வலி உள்ளவரால் 3 வயதுப் பையனைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் பையனை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டு அத்தையைத் திண்ணைப் பக்கம் உட்காரவைக்காதீர்கள், இருவரும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வாசல் கேட் மூடியிருக்க வேண்டும். மாட்டுத் தொட்டி, டிரம், பக்கெட்டில் தண்ணீர் இருந்தால் மூடுங்கள் அல்லது கவிழ்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணறுகள் நிறைய. கிணறு பக்கத்தில் இருந்தால் அத்தையிடம் மட்டும் விட்டுப் போகவே வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளை யாராவது கூட இருக்கட்டும். தங்கையை, நாத்தனாரைக் கேளுங்கள். அவர்கள் பிள்ளையை நீங்கள் இன்னொரு நாள் 20 நிமிடம் பார்த்துக்கொண்டால் கடனும் இல்லை.

எங்கே உட்காருவது? உங்கள் சொந்த நிலத்தில் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். பக்கத்துத் தோட்டத்துப் புளியமரம், ஏரிக்கரைப் புங்கமரம், கோயில் அரசமரம் எதுவானாலும் சரி. வீட்டுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், வீடு கண்ணில் பட்டால் வேலையும் கண்ணில் படும். வீட்டிலிருந்து 5 நிமிட நடைக்குள், ரோட்டிலிருந்தோ யாருடைய வீட்டிலிருந்தோ பார்த்தால் தெரிகிற இடமாக இருக்கட்டும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக் கால்வாய்க் கரை நல்ல இடம்தான், ஆனால் படித்துறையில் இறங்கி உட்கார வேண்டாம். தண்ணீர் திறக்கும் நாளில் மட்டம் ஏறும், சிமென்ட் சரிவு பாசியேறி இருக்கும்.

கிராமத்தில் ஒரு பெண் தினமும் தனியாக மரத்தடியில் உட்கார்ந்தால் பேச்சு வரும். இதைச் சொல்லாமல் ஆலோசனை சொல்வது பிரயோஜனமில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே வழி போங்கள். கேட்பவர்களிடம் 'களைப்புக்கு டாக்டரம்மா தினமும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கச் சொல்லியிருக்காங்க' என்று சொல்லுங்கள். டாக்டரான நான் சொல்லித்தான் இருக்கிறேன், அது பொய் இல்லை. இரண்டு வாரத்தில் ஊருக்குப் பழகிவிடும்.

உட்கார்ந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் ஐந்தாறு நிமிடம் மனசு பட்டியல் போடும்: மாவு ஆட்டணும், அந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும், சொசைட்டியில் பால் கணக்குப் பார்க்கணும். அதோடு சண்டை போட வேண்டாம். காதால் மூன்று சத்தம் பிரித்துக் கேளுங்கள், ஒன்று தூரத்தில், ஒன்று நடுவில், ஒன்று பக்கத்தில். லாரி சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு மூச்சை நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். பத்து முறை போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும், உடம்பு தானாக இறங்கும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஆழமாக இழுக்க முயன்றால்தான் சுற்றும், எண்ணிக்கைதான் முக்கியம், ஆழம் இல்லை.

மீதி நேரத்துக்கு ஒரே ஒரு சின்னப் பொருளைப் பாருங்கள். உங்களுக்கென்றே ஒன்று சொல்கிறேன். மாமரத்தில் பச்சை இலைகளைச் சேர்த்துக் கட்டிய உருண்டை ஒன்று தொங்கும், முசுறு எறும்பின் கூடு. புதுக்கூடு கட்டும் இடம் கிடைத்தால் மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு வரிசை எறும்புகள் ஒரு இலையின் ஓரத்தைக் காலால் பிடித்து, அடுத்த இலையின் ஓரத்தை வாயால் கவ்வி இழுக்கும். எட்டாத தூரம் என்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். இரண்டு ஓரமும் சேர்ந்ததும் வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து வெள்ளைப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும், அவற்றின் குஞ்சுகள்தான் அவை. புழுவின் வாயை இந்த ஓரத்தில் தொட்டு, அந்த ஓரத்தில் தொட்டு, மறுபடி இந்த ஓரத்தில் தொடும். புழு விடும் பட்டு நூல்தான் தையல். நீங்கள் கைத்தையலில் ஓரம் மூட்டுவது போலவே இருக்கும், நூல்கண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தைப்பது ஒன்றுதான் வித்தியாசம். முசுறு கடித்தால் சுருக்கென்று எரியும், அந்த மரத்தடியில் மட்டும் உட்காராதீர்கள்.

முசுறு கிடைக்காத நாளில் தவிட்டுக்குருவிக் கூட்டம் கிடைக்கும். ஏழெட்டு சேர்ந்து காய்ந்த இலையைப் புரட்டிக்கொண்டே போகும், ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அது கீழே இறங்க, வேறொன்று ஏறும். பேர் தெரிய வேண்டும், எண்ண வேண்டும் என்ற அவசியம் இல்லை. பார்த்தால் போதும்.

இதில் தவறிப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'சும்மா உட்கார்ந்திருக்கிறோமே' என்று வரும்போது சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். அன்றைக்கு அது வேலை நேரமாகிவிட்டது, கணக்கில் சேராது. இன்னொன்று, நாலைந்து நாள் கழித்துக் காரணமே இல்லாமல் அழுகை வரலாம். பல மாதம் இறுக்கிப் பிடித்தது தளரும்போது அப்படித்தான் வரும், அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். மூன்றாவது, 'எனக்கு ஒன்றும் இனிமையாக இல்லையே, இது வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுவது. 2008-ல் வெளியான ஒரு ஆய்வில் அதே ஆட்களை ஒரு வாரம் மரத்தோட்டத்திலும் இன்னொரு வாரம் கடைத்தெருவிலும் நடக்கவிட்டு, பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லி கவனத்தைச் சோதித்தார்கள். மரத்தோட்டத்தில் நடந்தபின் கவனம் கூடியிருந்தது. கடும் குளிரில் நடந்தவர்கள் அந்த நடை பிடிக்கவே இல்லை என்றார்கள், ஆனால் அவர்களுக்கும் பலன் அதே அளவு கிடைத்தது. ரசித்தால்தான் பலிக்கும் என்று இல்லை.

தையல் மிஷினை எங்கே போட்டிருக்கிறீர்கள்? சுவரைப் பார்த்து என்றால் திருப்பிப் போடுங்கள். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கைக்காரர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னலோ திண்ணையோ இடதுகைப் பக்கம் வரும்படி மிஷின் இருந்தால், வலதுகைக்காரருக்குத் துணியில் நிழல் விழாது. தலை நிமிர்ந்தால் வேப்பமரமோ முருங்கையோ தெரியட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒரு கிளையை 20 விநாடி பாருங்கள். கண் எரிச்சலும் தலைவலியும் குறையும்.

பிள்ளைகளோடு வெளியே போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காவல் காக்கத் தேவையில்லாத இடமாகப் போங்கள். தண்ணீர் இல்லாத, ரோடு இல்லாத, சமதரையான, நிழல் உள்ள இடம். அறுவடை முடிந்த கேழ்வரகு வயல், கோயில் மைதானம், பள்ளி விடுமுறையில் பள்ளி மைதானம். அவதானப்பட்டி ஏரிப் பூங்காவோ அணைப் பூங்காவோ போனால் ஊஞ்சல் பக்கமே இருங்கள், தண்ணீர்ப் பக்கம் போவது என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். தென்பெண்ணை மணலில் விளையாட விடாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது, கால் வைத்தால் இடுப்பளவு ஆழம் இருக்கும். 45 நிமிடம் போதும். சமைத்துக்கொண்டு போகாதீர்கள். பொரி, வேர்க்கடலை, வாழைப்பழம், தண்ணீர் மட்டும். கணவரும் வந்தால் பாதி நேரம் அவர் காவல், பாதி நேரம் நீங்கள். காவல் இல்லாதவர் பத்தடி தள்ளிப் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். பையனுக்கு ஒரு டம்ளரும் மண்ணும் போதும். மகளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி கொடுத்து, அதற்குள் எத்தனை விதமான பொருள் அடைக்க முடியும் என்று பார்க்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் உங்களைக் கூப்பிட மாட்டாள்.

மாந்தோப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் மா பூக்கும் மார்கழி, தை, மாசியில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடிப்பார்கள், பிஞ்சு பிடித்தபின்னும் அடிப்பார்கள். மரத்தடியில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது உங்கள் பையனுக்கு. அந்த மாதங்களில் பிள்ளைகளைத் தோப்புக்குள் கூட்டிப்போக வேண்டாம், நீங்களும் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டே உட்காருங்கள். அந்தக் காலத்துக்குப் புளி, புங்கன், வேம்பு. காய் இறங்கி முடிந்த ஆடிக்குப் பிறகு தோப்பு நல்ல இடம்.

மழைக்காலத்திலும் அதற்குப் பிந்தைய குளிரிலும் புதர், உயர்ந்த புல் பக்கம் உட்காராதீர்கள். அங்கிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும், பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. காய்ச்சலோடு அப்படி ஒன்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். பெட்ஷீட்டோ சாக்கோ விரித்து உட்காருங்கள், காலில் செருப்பு இருக்கட்டும், இருட்டுவதற்குள் திரும்புங்கள். மழை கொட்டும் நாளில் திண்ணையிலேயே உட்கார்ந்து மழையைப் பாருங்கள், அதுவும் கணக்குத்தான். இதைப் படிக்கும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கத்துத் தாய்மார்களுக்கு: ஐப்பசி முதல் மாசி வரை ராகிக்காக யானை இறங்கும் காலம். விடிகாலையிலும் அந்தியிலும் காட்டோரம் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே பகலில் உட்காருங்கள்.

ராத்திரி தூக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் நிலையில் உள்ள பலர், எல்லாரும் தூங்கியபின் 12 மணி வரை போன் பார்க்கிறார்கள். பகலில் கிடைக்காத தனிமையை ராத்திரியில் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படி என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பகல் 20 நிமிடம் நிலைத்தபின் அந்த ஆசை கொஞ்சம் தானாக இறங்கும். காலையில் மாட்டிடம் போகும்போது பத்து நிமிடம் வெளிச்சத்தில் நின்றால் ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும்.

'எங்கேயாவது போய்விடலாமா' என்ற எண்ணத்துக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகொலாய்சாக் இருவரும் பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்கு வரும் கடும் சோர்வை ஆராய்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறிகுறிகள் நான்கு: பெற்றோர் வேலையில் அடியோடு களைத்துப்போவது, முன்பு இருந்த அம்மாவாக இப்போது இல்லையே என்ற வருத்தம், போதும் போதும் என்ற அலுப்பு, பிள்ளைகளிடமிருந்து மனசளவில் விலகிப்போவது. ஓடிப்போகும் எண்ணம் இந்தச் சோர்வோடு அடிக்கடி வருவதுதான். நீங்கள் கெட்ட தாய் என்பதற்கு அது அடையாளம் இல்லை, சுமை அளவுக்கு மீறிவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், விடியற்காலை 3 மணிக்கே விழித்துத் தூக்கம் வராவிட்டால், செத்துவிடலாம் என்றோ பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால், மரத்தடி போதாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனவர்களுக்குப் பைத்தியம் என்று பெயர் வரும் என்ற பயம் இருந்தால், 'தூக்கம் வரல' என்று சொல்லிப் போங்கள். மற்றதை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, தினசரி காலண்டர் தாளில் ஒரு எண் எழுதுங்கள். அன்றைய எரிச்சலுக்கு 10-க்கு எத்தனை? போய்வந்த நாளுக்கு ஒரு டிக். முதல் வாரத்தில் எண் குறையாது, ஒப்படைக்கும் தகராறில் கூடவும் கூடலாம். நாலாவது வாரத்தில் டிக் உள்ள நாளையும் இல்லாத நாளையும் வைத்துப் பாருங்கள். ஆறு நாளில் நாலு நாள் கிடைத்தாலே நல்ல வாரம். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து மறுநாள் 40 நிமிடம் போக வேண்டாம், வழக்கமான 20 போதும்.

கடைசியாக, இந்தப் பதிலை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவருக்கும் இதே களைப்பு இருக்கும், வார விடுப்பு நாளில் அவருக்கு 20 நிமிடம் நீங்கள் கொடுக்கலாம். அவர் கேட்கக்கூடியது 'மாடு யாரு பாக்கறது?' என்பதாக இருக்கும். கறக்கும் நேரத்தையும் தீவன நேரத்தையும் தவிர்த்துத்தான் மேலே நேரம் குறித்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை அவருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்த்து, அதற்கேற்ற நேரத்தை அந்த வாரத்தின் காலண்டர் தாள்களில் இருவரும் சேர்ந்து இப்போதே எழுதி வையுங்கள்.